ஃபைபர் படகில் பழைய கார்ப்பெட் பசையை எடுத்துப் புதிதாக ஒட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படகின் உள்ளே ஒட்டியிருக்கும் கார்ப்பெட்டைப் பிய்த்தெடுக்க அரை நாள் போதும். அதற்கடியில் காய்ந்தும் காயாமலும் கிடக்கிற பசையோடு மல்லுக்கட்டுவதில்தான் வாரக்கணக்கு ஓடிவிடும். புதிதாக ஒட்டும் வேலை திரும்பவும் ஒரே நாள். நடுவில் இருக்கிற அந்த வேலையைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வருகின்றன, ஆகவே இங்கேயும் அதற்குத்தான் அதிக இடம்.

பழைய பசைமேலேயே புதுப் பசை தடவி ஒட்டிவிட்டால் என்ன?

ஒட்டும். சில மாதம் நன்றாகவும் இருக்கும். ஆனால் புதுப் பசை பிடித்துக்கொண்டிருப்பது ஃபைபரை அல்ல, பழைய பசையை. பழையது எங்கே விடுகிறதோ அங்கே புதியதும் அதோடு சேர்ந்தே கழன்று வரும். புதுப் பசையில் இருக்கும் தின்னர் பழைய பசையை ஊறவைத்துக் கூழாக்கிவிடுவதும் உண்டு. தரையில் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். பக்கச் சுவரிலும் மேற்கூரையிலும் கார்ப்பெட்டின் எடையே அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும் என்பதால் மன்னிப்பே கிடையாது.

இதற்கு ஒரே விதிவிலக்கு, பழைய பசை மெல்லிய படலமாக, கெட்டியாக, நகத்தால் சுரண்டினாலும் வராதபடி ஒட்டியிருக்கும் நிலை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கார்ப்பெட்டைப் பிரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நாலா பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு எதன் மேல் ஏறியிருந்தது, எந்த ஓரம் எந்தச் சட்டத்துக்குள் நுழைந்திருந்தது என்பதெல்லாம் பிய்த்த பிறகு நினைவில் நிற்காது. இருக்கை, கைப்பிடி, மூடி, கீல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அவற்றைச் சுற்றி வெட்டி ஒட்டலாம் என்று தோன்றும். அப்படிச் செய்த வேலை முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

கட்டரால் ஒரு கை அகலத்துக்குப் பட்டை பட்டையாகக் கீறிக்கொண்டு, இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து, மெதுவாக மடக்கியபடி இழுத்தால் நன்றாக வரும். அலகை ஆழமாக இறக்காதீர்கள். ஃபைபரில் கோடு விழும் என்பது மட்டுமல்ல, கார்ப்பெட்டுக்கு அடியில் மின்கம்பி ஓடுகிற படகுகளும் உண்டு. நான் ஒருமுறை அப்படி விளக்குக் கம்பி ஒன்றை வெட்டிவிட்டு, விளக்கு ஏன் எரியவில்லை என்று ஒரு வாரம் தேடினேன்.

முழுதாக வரும் துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். எவ்வளவு கந்தலாக இருந்தாலும் அதுதான் புதுத் துண்டுக்கு அளவு. முதுகில் 'இடது, முன்பக்கம், மேல்' என்று மார்க்கரில் எழுதி, மயிர் சாயும் திசைக்கு ஓர் அம்பும் போட்டு வையுங்கள்.

கீழே இருப்பது என்ன பசை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை மிச்சம். மஞ்சளோ தேன் நிறமோ கொண்டு, கட்டைவிரலால் தேய்த்தால் ரப்பர் போல உருண்டு வந்தால், பெரும்பாலும் அது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரில் செய்த கான்டாக்ட் பசை, அதாவது இருபுறமும் தடவி, காய்ந்தபின் அழுத்தி ஒட்டும் வகை. வெள்ளையாகவோ பால் கலந்த நிறத்திலோ இருந்து, வெந்நீர் பட்டதும் வெளுத்து மெத்தென்று ஆனால் அது நீரில் கலந்த அக்ரிலிக் அல்லது லேடக்ஸ் பசை. சிலந்தி வலை போல இழை இழையாகத் தெளித்த தடம் தெரிந்தால் டப்பா ஸ்பிரே. கண்ணாடி போல இறுகி, தட்டினால் செதிலாகத் தெறித்தால் பாலியூரித்தேனோ எபாக்சியோ. அவை எந்தத் தின்னருக்கும் எளிதில் அசையாது, உளிதான் ஒரே வழி.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், சின்னச் சோதனை ஒன்று செய்து பாருங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் வரிசையாக ஆறு பஞ்சு உருண்டைகள். முதலாவதில் சோப்புக் கலந்த வெந்நீர், அடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிறகு மினரல் டர்பென்டைன், ஆரஞ்சு எண்ணெய்க் கரைப்பான், சைலீன், கடைசியில் அசிட்டோன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து 10 நிமிடம் விடுங்கள். மூடாவிட்டால் அசிட்டோன் வேலையைத் தொடங்கும் முன்பே பறந்துவிடும், 'இது ஒத்துவராது' என்று தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். பிறகு ஒவ்வோர் இடத்தையும் மரக்குச்சியால் தள்ளிப் பாருங்கள். வரிசையில் எது முதலில் பசையை நெகிழ்த்தியதோ அதுதான் உங்களுக்கு. அதைவிடக் காரமானதைத் தொடவே வேண்டாம்.

பசையோடு மஞ்சள் தூளாக ஏதோ உதிர்கிறதே?

அது கார்ப்பெட் அல்லது வினைல் விரிப்பின் முதுகில் இருந்த பாலியூரித்தேன் ஃபோம். ஈரமும் வெப்பமும் பல ஆண்டுகள் தின்றதில் அப்படி ஆகிவிட்டது. இதன் மேல் எந்தத் திரவத்தையும் ஊற்றிவிடாதீர்கள். தூளாக இருந்தது சேறாகி, ஃபைபரின் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கிவிடும். காய்ந்த நிலையிலேயே கெட்டியான நார் பிரஷ்ஷால் தேய்த்து, கூடவே வேக்குவம் போட்டு உறிஞ்சுங்கள். தூள் போன பிறகு எஞ்சும் பசைக்குத்தான் தின்னர்.

நியோப்ரீன் பசைக்கு அசிட்டோன் போடுகிறேன், சுருங்குகிறதே தவிரக் கரையவில்லை. ஏன்?

அசிட்டோனுக்கும் நியோப்ரீனுக்கும் பொருத்தமில்லை, அதுதான் காரணம். அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிற திரவம். துணியிலிருந்து ஃபைபருக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி காற்றில் கலந்துவிடும். சைலீன், டொலுவீன் போன்றவை மெதுவாக ஆவியாகும், ரப்பருக்குள் ஊடுருவும். ஆனால் ஆண்டுக்கணக்கில் இறுகிய பசை அவற்றிலும் சர்க்கரை போலக் கரைந்துவிடாது. ஊதும். ஊதிய பசைக்கு ஃபைபரிலுள்ள பிடி தளர்ந்துவிடும். நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அதைத்தான். கரைய வைக்க நினைத்து லிட்டர் லிட்டராகத் தேய்ப்பவர்கள், பசையை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் பூசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

சரியான முறை இது. ஓர் அடி சதுரம் அளவுக்குப் பழந்துணியை நனைத்து, பசைமேல் படியவைத்து, அதன்மேல் பாலித்தீன் தாளை மூடுங்கள். பத்து முதல் இருபது நிமிடம். தாளைத் தூக்கும்போது பசையின் மேற்பரப்பு தோல் போலச் சுருக்கம் விழுந்திருக்கும். பட்டி பார்க்கும் தகட்டை ஏறத்தாழப் படுக்கைவாட்டில் சாய்த்துத் தள்ளினால், அடையாகச் சுருண்டு வரும். சுருண்டதை உடனே பழைய செய்தித்தாளில் வழித்துவிடுங்கள், தகட்டிலேயே வைத்துக்கொண்டு அடுத்த தள்ளலுக்குப் போகாதீர்கள். ஒரு சதுரத்தைச் சுரண்டும்போது அடுத்தது ஊறிக்கொண்டிருக்கட்டும்.

நீர்வகைப் பசைக்கும் இதே முறைதான், தின்னருக்குப் பதில் வெந்நீரும் சோப்பும். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், மூச்சுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

கடைகளில் 'பெயின்ட் ரிமூவர்' என்று கிடைப்பவை சட்டென்று வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவர் பசையோடு நிற்காது, ஃபைபரின் வழவழப்பான மேற்பூச்சான ஜெல்கோட்டையும், கண்ணாடி இழைகளைப் பிணைக்கும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்தே தின்னும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும் சரக்கு வேறு. படகின் உட்புறம் போன்ற அடைப்பான இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

அசிட்டோனோ சைலீனோ ஃபைபரைக் கெடுக்காதா?

நன்றாக இறுகிய பாலியெஸ்டரும் ஜெல்கோட்டும் சிறிது நேரத் தொடர்பைத் தாங்கும். மணிக்கணக்கில் குளம் கட்டி நின்றால் மங்கும், மென்மையாகும். ஜெல்கோட் என்பது அரை மில்லிமீட்டர் சுற்றுவட்டத்தில் இருக்கும் படலம்தான், அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கவலைப்பட வேண்டியது ஃபைபரைப் பற்றி அல்ல, பக்கத்தில் இருப்பவற்றைப் பற்றி. தரைக்கடியிலும் இருக்கைக்கடியிலும் மிதவைக்காக வைத்திருக்கும் வெள்ளைத் தெர்மோகோல் இந்தத் தின்னர்களில் உப்புப் போலக் கரைந்து மறைந்துவிடும். அக்ரிலிக், பாலிகார்பனேட் சன்னல்களில் முடி போன்ற விரிசல்கள் ஓடும். கம்பிகளின் பிவிசி உறையும் ரப்பர் கேஸ்கெட்டும் ஊதிப்போகும். வழிந்து ஓடும் வழியை முதலில் பார்த்து, துணி வைத்து அடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

படகுக்குள் உட்கார்ந்து தின்னர் வைத்து வேலை செய்வது ஆபத்தா? சன்னலைத் திறந்து வைத்திருக்கிறேனே.

ஆபத்துதான். சன்னல் போதாது. இந்த ஆவிகளெல்லாம் காற்றைவிடக் கனமானவை. அசிட்டோன் ஆவி சுமார் 2 மடங்கு, சைலீன் ஆவி மூன்றரை மடங்குக்கும் மேல். மேலே இருக்கிற சன்னல் வழியாகப் போகாமல் தண்ணீர் போலக் கீழே இறங்கி, படகின் மிகத் தாழ்ந்த இடமான பில்ஜில் தேங்கி நிற்கும். டொலுவீனோ சைலீனோ காற்றில் நூற்றில் ஒரு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளத் தயார். அந்த பில்ஜில்தான் தானாக ஓடும் பம்ப்பும் அதன் சுவிட்சும் இருக்கின்றன. பொறி கிளம்ப வேறென்ன வேண்டும்?

எனவே பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றிவிட்டுத்தான் தின்னர் டப்பாவைத் திறக்க வேண்டும். கேஸ் அடுப்பு, கேஸில் ஓடும் குளிர்பெட்டியின் சுடர் எதுவும் எரியக்கூடாது. படகைக் கரையேற்றி வைத்திருந்தால் அடியிலுள்ள வடிகால் அடைப்பைக் கழற்றிவிடுங்கள், ஆவிக்கும் அது வழி. வெளியே வைத்த விசிறியால் புதுக் காற்றை உள்ளே தள்ளுங்கள். ஆவி கலந்த காற்றைச் சாதாரண விசிறியின் மோட்டார் வழியாக வெளியே இழுப்பது பொறியைத் தேடிப்போய் அழைப்பதற்குச் சமம்.

தின்னரைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதை நினையுங்கள். அசிட்டோனின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ். டொலுவீனுக்கு 4, சைலீனுக்கு 27 சுற்றுவட்டம். ஆரஞ்சு எண்ணெய்க்கு 48 அளவில். மேலே சொன்ன சோதனையில் காரம் குறைந்ததிலிருந்து தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகமூடி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. தூசிக்கான முகமூடி ஆவியைத் துளியும் நிறுத்தாது. ஆவிக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும். கையுறையும் அப்படித்தான், மெல்லிய நைட்ரைல் உறையை அசிட்டோன் சில நிமிடங்களில் கடந்துவிடும். தெறிப்புக்கு மட்டும் அதை நம்புங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். அசிட்டோனில் கைவைத்தே செய்கிற வேலைக்கு பியூட்டைல் ரப்பர் உறை. தலை கனத்தாலோ, காரணமில்லாமல் சிரிப்பு வந்தாலோ, அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள்.

ஹீட் கன் வைத்து இளக்கலாமா?

ஸ்பிரே பசைக்கும் பழைய ரப்பர் பசைக்கும் நன்றாக வேலை செய்யும், ஒரு கட்டுப்பாட்டோடு. சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 60 முதல் 80 டிகிரிக்குள்ளேயே விறைப்பை இழக்கத் தொடங்கும். ஹீட் கன்னோ பல நூறு டிகிரியில் காற்றை ஊதுகிறது. சூட்டைக் குறைந்த நிலையில் வைத்து, கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். சூடு காட்டிய இடத்தில் உள்ளங்கையை இரண்டு மூன்று நொடி வைக்க முடிய வேண்டும், முடியாவிட்டால் ரெசினுக்கும் அது அதிகம்.

தின்னர் தொட்ட படகில் அன்று ஹீட் கன் கூடாது. சூடா, தின்னரா என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கிரைண்டரும் உப்புத்தாளும்?

இழுவையாக இருக்கும் பசைமேல் உப்புத்தாளை வைத்தால் அரை நிமிடத்தில் தாள் முழுக்கச் சூயிங்கம் அப்பியதுபோல் ஆகிவிடும். சுற்றும் சூட்டில் பசை இன்னும் இளகும் என்பதே காரணம். எனவே முதலில் சுரண்டல், தின்னர். அது முடிந்து காய்ந்தபின் எஞ்சியிருக்கும் பொட்டுகளுக்குத்தான் தேய்ப்பு.

அதிரும் மல்ட்டி-டூலில் அகலத் தகடு மாட்டிச் சுரண்டுவதை முதலில் பரிந்துரைப்பேன். புதுத் தகட்டின் இரு மூலைகளையும் அரத்தால் உருட்டிவிட்டால் ஃபைபரில் குத்தாது. கிரைண்டருக்குக் கறுப்புக் கடற்பஞ்சு போலிருக்கும் ஸ்ட்ரிப் டிஸ்க் கிடைக்கிறது, அது அவ்வளவு எளிதில் அடைத்துக்கொள்ளாது. இரும்புக் கம்பி பிரஷ் வேகமானதுதான். ஆனால் ரெசினைக் கடந்து கண்ணாடி இழையைப் பிய்க்கும். உடைந்த கம்பித் துண்டுகள் ஃபைபரில் செருகிக்கொண்டு, பின்னர் துருவாகக் கார்ப்பெட்டில் பூக்கும்.

தூசி எழும் வேலைக்கு முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தூசி முகமூடி எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடித் தூசி அரித்தால் சொறியாதீர்கள், வெந்நீரும் வேண்டாம். குளிர்ந்த நீரைத் தேய்க்காமல் ஓடவிட்டால் போய்விடும்.

எவ்வளவு சுத்தமாக வர வேண்டும்? கறை போகவே மாட்டேன் என்கிறது.

இங்கேதான் பலர் தேவையில்லாமல் ஒரு வாரத்தை விடுகிறார்கள். கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டியதில்லை, திரும்பவும் மூடத்தானே போகிறீர்கள். மஞ்சள் நிழலாகத் தெரிகிற கறை இருந்துவிட்டுப் போகட்டும். கைக்குத் தட்டுப்படும் மேடு, விரலில் ஒட்டும் இழுவை, நகம் பட்டால் உரியும் படலம் இந்த மூன்றும்தான் போயாக வேண்டியவை.

நான் மூன்று சோதனை செய்வேன். உலர்ந்த கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் ஒட்டக்கூடாது. பேக்கிங் டேப்பை அழுத்தித் தேய்த்து, வெடுக்கென்று இழுத்தால் பின்புறம் சுத்தமாக இருக்க வேண்டும். கடைசியாகத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கோ மெழுகோ இருக்கிறது, படலமாகப் பரவினால் சரி. ஆரஞ்சு எண்ணெயோ டர்பென்டைனோ பயன்படுத்தியவர்களுக்கு இந்தத் தண்ணீர்ச் சோதனை அவசியம். அவை எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தால் தீரும்.

மூன்றிலும் தேறிய பழைய பசைப் படலம் அதே வகைப் புதுப் பசையை ஏற்றுக்கொள்ளும். வேறு வகையென்றால் சின்னத் துண்டு ஒன்றை ஒட்டி, மறுநாள் இழுத்துப் பாருங்கள்.

பசை ஒட்டாத இடத்திலேயே ஃபைபர் வழுவழுப்பாக இருக்கிறது. அப்படியே ஒட்டலாமா?

வேண்டாம். பாலியெஸ்டர் ரெசின் காற்றுப் படும் பக்கத்தில் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் குணமுள்ளது. அதனால் கடைசிப் பூச்சில் மெழுகு கலப்பார்கள், அது மேலே மிதந்து வந்து காற்றை மறைக்கும். படகின் உட்புறத்தில் அந்த மெழுகு இன்னமும் இருக்கலாம். முதலில் தின்னர் நனைத்த துணியால் துடைத்து எடுத்துவிட்டு, அப்புறம் 60 அல்லது 80 எண் தாளால் தேயுங்கள். வரிசை மாறினால் உப்புத்தாள் மெழுகைக் கீறல்களுக்குள் அடைத்துவிடும், பிறகு அது எதற்கும் வராது.

கார்ப்பெட்டை எடுத்ததும் தரை மெத்தென்று அமுங்குகிறது.

அப்படியானால் கார்ப்பெட் வேலையை நிறுத்துங்கள். ஃபைபருக்குள் இருக்கும் பிளைவுட் தண்ணீர் குடித்து அழுகியிருக்கிறது. சுத்தியலின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் 'டக் டக்' என்ற ஒலி ஓரிடத்தில் 'தொப்' என்று மாறும், அழுகல் அங்கிருந்து தொடங்குகிறது. பெரும்பாலும் திருகாணி ஓட்டைகளைச் சுற்றித்தான் இருக்கும். அதைச் சரி செய்யாமல் மேலே எதை ஒட்டினாலும் வீண்.

அமுங்கவில்லை, ஆனால் ஈரம் இருக்குமோ என்று ஐயமா? ஒன்றரை அடி சதுரப் பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் அடைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காய வேண்டும்.

புதிதாக ஒட்ட எந்தப் பசை நல்லது?

கார்ப்பெட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

முதுகில் ஒன்றுமில்லாமல் வெறும் நாராக, இழுத்தால் நீளும் மெல்லிய கார்ப்பெட் என்றால், சுவருக்கும் கூரைக்கும் அதுதான் வசதி. நியோப்ரீன் கான்டாக்ட் பசை அதற்குப் பொருத்தம். மெல்லிய கார்ப்பெட்டில் பசையை அதிகம் தடவினால் முன்பக்கம் ஊறி வந்து கறுத்த திட்டாகத் தெரியும், கவனம்.

ரப்பர் அல்லது லேடக்ஸ் முதுகுள்ள தரைக் கார்ப்பெட்டுக்கு, பல்வெட்டுக் கரண்டியால் பரப்பும் வெளிப்புறக் கார்ப்பெட் பசை நன்றாக இருக்கும். நீர்வகையாக இருந்தால் ஒன்று யோசியுங்கள். கீழே ஃபைபர், மேலே ரப்பர், இரண்டுக்கும் நடுவில் அடைபட்ட தண்ணீர் எந்த வழியாக வெளியேறும்? நாட்கணக்கில் காயாது. பசையைப் பரப்பியபின், டப்பாவில் சொன்ன நேரம் வரை காயவிட்டு, இழுவை வந்த பிறகே விரிப்பைப் படுக்கவைக்க வேண்டும்.

வினைல் முதுகோ, ஃபோம் ஒட்டிய வினைல் விரிப்போ என்றால் சாதாரண நியோப்ரீன் பசையை நம்பாதீர்கள். வினைலை வளைய வைப்பதற்காகக் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல மெல்லக் கசிந்து வந்து பசையை இளக்கிவிடும். ஒட்டிய அன்று உரிக்கவே முடியாது, முதல் கோடையில் கூரையிலிருந்து தொட்டில் போலத் தொங்கும். நானே ஒருமுறை பட்டு அறிந்தது இது. பிளாஸ்டிசைசரைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் நைட்ரைல் அல்லது பாலியூரித்தேன் வகை வேண்டும்.

டப்பா ஸ்பிரே எடுப்பவர்கள் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்ற எண்ணைப் பாருங்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் படகின் கூரை 60 டிகிரியைத் தாண்டிவிடும். கைவேலைப் பொருள்களுக்கான ஸ்பிரே அங்கே நிற்காது.

கான்டாக்ட் பசையை ஒட்டும் சரியான முறை என்ன?

இரண்டு பக்கமும் தடவ வேண்டும், இரண்டும் காய வேண்டும், பிறகுதான் சேர வேண்டும். ஈரத்தோடு ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு, உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் வெளியேற வழியில்லாமல் குமிழாக எழும்பும்.

முதலில் கார்ப்பெட்டைப் பழைய துண்டின் அளவுக்கு, நாலு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டி, ஒருநாள் விரித்துப் போடுங்கள், சுருளின் வளைவு போகட்டும். பசையில்லாமல் வைத்துப் பார்த்து, நடுக்கோட்டைச் சாக்பீஸால் இரண்டிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபைபரில் ஒரு கை, கார்ப்பெட்டின் முதுகில் ஒரு கை தடவுங்கள். நார் முதுகு முதல் கையைக் குடித்துவிடும். அது காய்ந்தபின் இன்னொரு கை. பத்து இருபது நிமிடத்தில் விரல் முட்டியால் தொட்டால் இழுவை தெரியும், ஆனால் பசை முட்டியில் வராது. அதுதான் தருணம். விரல் நுனியால் தொடாதீர்கள், அந்த எண்ணெய் அங்கேயே தங்கிவிடும்.

தொட்டால் பிடித்துக்கொள்ளும் பசை இது, நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது. கார்ப்பெட்டைப் பாதியாகச் சுருட்டி, நடுக்கோட்டைப் பொருத்தி, அங்கிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். பெரிய துண்டென்றால் நடுவில் மெழுகுத்தாளை வைத்து, ஒட்ட ஒட்ட அதை உருவிக்கொண்டு வரலாம். முழுவதும் படிந்தபின் கெட்டியான சிறு ரோலரால் உடல் எடையைக் கொடுத்து உருட்டுங்கள். கான்டாக்ட் பசைக்கு எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்பது கணக்கில்லை, எவ்வளவு பலமாக என்பதே கணக்கு.

உள்மூலைகளில் கார்ப்பெட் கூடாரம் போல நிற்கிறதே?

தரையை ஒட்டிவிட்டு, அப்படியே இழுத்துச் சுவரில் ஏற்றியிருப்பீர்கள். இழுபட்ட கார்ப்பெட் மூலையைத் தொடாமல் குறுக்கே பாலம் போட்டுவிடும். காலோ பெட்டியோ அதில் ஒருமுறை இடித்தால் மொத்தமும் கழன்றுவிடும். தரை ஒட்டியதும் மூலைக்குள் மழுங்கிய மரத் துண்டை அல்லது கரண்டிக் காம்பை வைத்துக் குத்தி உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகே சுவரில் ஏறுங்கள். படகின் முன்முனை போல இரு திசையிலும் வளையும் இடத்தில் ஒரே துண்டாகப் போட வீம்பு பிடிக்க வேண்டாம். இணைப்பு வரும் இடத்தில் இரு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இரும்பு அளவுகோல் வைத்து இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டி, மேல் கழிவையும் அடிக் கழிவையும் உருவிவிட்டால், இணைப்பு இருக்கும் இடம் உங்களுக்கே தெரியாது. வெட்டும்போது அடியில் மெல்லிய தகரம் ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஒட்டலாமா?

தவிர்ப்பது நல்லது. தின்னர் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிரும், காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ச்சியில் பனி படியும். சாய்ந்து பார்த்தால் பசைமேல் பால் போல மங்கல் தெரியும். அந்த மங்கலோடு ஒட்டினால் ஒட்டாது. தெரிந்துவிட்டால் முழுக்கக் காயவிட்டு, இன்னொரு கை தடவுங்கள். 18 முதல் 27 டிகிரி வரையுள்ள உலர்ந்த முற்பகல் நல்ல பொழுது. உச்சிவெயிலில் சுட்ட ஃபைபரும் வேண்டாம், தடவிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனை காய்ந்து போகும்.

ஒட்டிய பிறகு ஓரம் தூக்குகிறது. முழுதும் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். ஓரத்தை மெல்ல விரித்து, தூசியை ஊதி, இருபுறமும் குச்சியால் பசை தடவி, காயவிட்டு, அழுத்துங்கள். நடுவில் சிறு குமிழி என்றால் மயிர் சாயும் திசையிலேயே கத்திநுனியால் சிறு கீறல் போட்டு, ஊசி வழியாகப் பசை விட்டு, எடை வைத்தால் போதும். தூக்கிய இடம் நாளுக்கு நாள் பெரிதாகிறது என்றால், குற்றம் பசையில் இல்லை, அடியில் ஈரமோ மெழுகோ இருக்கிறது.

எப்போது படகைப் பயன்படுத்தலாம்?

கான்டாக்ட் பசையென்றால் ஒருநாள் கழித்து ஏறி நடக்கலாம், வாடை போகும்வரை எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும். நீர்வகைப் பசைக்கு மூன்று நாளாவது கொடுங்கள், அதற்குள் கழுவக்கூடாது.

ஒட்டாமலே விட்டுவிடலாமா?

தரையைப் பொறுத்தவரை, என்னைக் கேட்டால் ஒட்டாமல் விடுவதே மேல். ஒட்டிய கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கிய தண்ணீர் காயவே காயாது. பிளைவுட் அழுகுவதும் பூசணம் பிடிப்பதும் அங்கிருந்துதான். பழைய பசையை எடுத்துச் சுத்தமான தரை கைக்கு வந்துவிட்டதல்லவா, அதற்குச் சொரசொரப்பான டெக் பெயின்ட் அடித்து, ஓரம் தைத்த கார்ப்பெட்டை அமுக்குப் பட்டன்களால் மாட்டிவைத்தால், கழற்றி வெயிலில் போடலாம். சுவர், கூரை வேறு கதை. வெளியே குளிரும்போது வெறும் ஃபைபர் உள்ளே வியர்த்துச் சொட்டும், கார்ப்பெட் அதைக் கொஞ்சம் தடுக்கும். அங்கே ஒட்டத்தான் வேண்டும்.

தின்னர் துணி, மிச்சப் பசை எல்லாவற்றையும் என்ன செய்வது?

துணிகளைக் கசக்கிக் குவித்துப் போடாதீர்கள். வெளியே, நெருப்பில்லாத இடத்தில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டு, மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். தண்ணீரிலோ சாக்கடையிலோ ஊற்றக்கூடாது. மிஞ்சிய பசை டப்பாவை இறுக மூடிக் கவிழ்த்து வைத்தால் மூடியோரம் அடைத்துக்கொள்ளும், சில மாதம் தாங்கும்.

புதுக் கார்ப்பெட்டில் மிஞ்சிய ஒரு துண்டின் முதுகில் பசையின் பெயரையும் ஒட்டிய தேதியையும் எழுதி, இருக்கைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அடுத்த முறை பிய்க்கப்போவது யாராக இருந்தாலும், அவர் ஆறு பஞ்சு உருண்டையோடு மூலையில் குந்தியிருக்க வேண்டியிருக்காது.